மூன்று செ.மீ. = ஒரு நாள்

மே பதினாறு.
அடப்பாற்றின் அடியில் உட்கார்ந்து
ஆற்றை வரைந்துகொண்டிருந்தோம்.
ரெகுலேட்டர் நிழல் அங்கேதான் விழும்,
சிமென்ட் தரையும் மட்டமாக இருக்கும்.
சார்ட்டின் நான்கு மூலைக்கும் நான்கு செருப்பு:
ஜெசிமாவுடையது இரண்டு, இனியனுடையது இரண்டு.
என்னுடையதற்குக் கனம் போதாது.

கோடை விடுமுறைச் செயல்திட்டம்:
எனது வட்டாரம், நிலவரைபடச் சுவரொட்டி.
தலைப்புக்கு இரண்டு, திசைக்கு ஒன்று,
குறிப்பு விளக்கத்துக்கு மூன்று,
அளவுக்கு இரண்டு, அழகுக்கு இரண்டு.
ஒரே சார்ட். ஒட்டுப் போடக் கூடாது.
கடைசி வரியை ரெஜினா மிஸ்
இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

கல்லணையில் தொடங்கினோம்.
விரித்த கை மாதிரி இருக்கு, என்றான் இனியன்.
எல்லா போஸ்டரிலும் அந்தக் கைதான் இருக்கும், என்றாள் ஜெசிமா.
அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு,
கோரையாறு, பாமணியாறு.
பெயர் எழுதவே இடமில்லை.
ஒரு செ.மீ.க்கு இரண்டு கிலோமீட்டர் என்று போட்டால்
பேனா முனை ஒரு தடவை தொட்டதும்
எங்கள் ஊர் முடிந்துவிடுகிறது.

இனியன் கால்சட்டைப் பையிலிருந்து
ரப்பர் பேண்ட் சுற்றிய டைரியை எடுத்தான்.
அவன் அப்பா லஸ்கர்.
ஷட்டரை ஏற்றுவார், இறக்குவார்,
மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குவார்.
தூக்கத்தில் எடுத்தது.

எட்டு வருஷம், எல்லாம் பென்சிலில்.
"தண்ணி வந்தது. காலை 4.10. மூணாம் ஷட்டரில் பாம்பு."
"தண்ணி வந்தது. பாதி நுரை."
"கல்லணை திறந்து 31ஆம் நாள். பார்க்க ஆள் இல்லை."
ஒரு வருஷத்தின் பக்கங்களில் ஒன்றுமே இல்லை.
மளிகைக் கணக்கு மட்டும்.

கிலோமீட்டரை அழித்தோம்.
சார்ட்டில் அழுக்காய் ஒரு வட்டம் நின்றது.
மூன்று செ.மீ. ஒரு நாள்.
தஞ்சாவூர் கல்லணைக்குப் பக்கத்து வீடானது.
மூணாறு தலைப்பு அரை அடியைத் தாண்டவில்லை.
அதற்கப்புறம்
முறை வைத்து விடுவார்கள்,
ஒருநாள் அங்கே, ஒருநாள் இங்கே,
கோடு நீண்டுகொண்டே போனது,
குப்புறப் படுத்து வரைந்தவள் நகர்ந்து நகர்ந்து
ஷட்டர் வரைக்கும் போய்விட்டேன்.
முப்பத்தொரு நாள், தொண்ணூற்று மூன்று செ.மீ.
சார்ட் எழுபதுதான்.

நல்ல வருஷத்தை வரைஞ்சிடலாம், பதினாலு நாள்தான், என்றேன்.
அப்ப வராத வருஷத்தை? என்றாள் ஜெசிமா.
அதுக்கு ஊர் கடைப் பேப்பரெல்லாம் போதாது, என்றான் இனியன்.

காலண்டர் தாளைக் கிழித்து
சோற்றுப் பசையில் ஒட்டினோம்.
என் நீல ஸ்கெட்சின் மூடி எங்கோ உருண்டுபோனதில்
மறுநாள் பேனா காய்ந்துவிட்டது.
கடைசி நான்கு நாளும் ஊதா.

கடலை எங்கே வைக்க? என்றாள் ஜெசிமா.
அவள் தோப்புத்துறைக்காரி, கேட்கத்தான் செய்வாள்.
டைரியில் தேடினோம்.
கடலுக்குப் போய்ச் சேர்ந்த தேதியை
அவன் அப்பா எழுதுவதில்லை.
அது அவர் வேலை இல்லை.

பத்துக்கு ஆறு.
"அளவு தவறு. ஒட்டு. ஊதா எதற்கு?"
ஆனாலும் மிஸ் அதைச் சுவரில் மாட்டினார்,
மின்விசிறி போட்டால்
ஒட்டுத் துண்டு மட்டும் படபடக்கும்.

ஜூலை பதினொன்று, கணக்கு பீரியட்.
தாமதமாக வந்த இனியன்
முழங்கால் வரை சேற்றோடு
நேரே சுவருக்குப் போனான்.
இருபத்தாறாம் நாளுக்கு நேராக
பென்சிலில் ஒரு கோடு போட்டுவிட்டு
வந்து உட்கார்ந்தான்.
சார் திட்டினார், சேற்றுக்கு.

என் ஸ்கெட்ச் மூடி
இந்நேரம் கிளம்பியிருக்கும்.
பக்கத்து பெஞ்சிலிருந்து ஜெசிமா
நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்:
கடல் எத்தனையாவது நாள்?